தேடுபெட்டியும் பாடவேறுபாடும்

பைத்தான் என்னும் நிரல்மொழியிடம் ஒரு தமிழ்ப் பனுவலைக் கொடுத்துச் சொற்களைப் பிரித்துத் தரச் சொன்னால், அதன் வழக்கமான முறைகளுள் ஒன்றில் 'தமிழ்' என்ற சொல் 'தம' என்றும் 'ழ' என்றும் இரண்டு துண்டாகிவிடும். ஒருங்குறியில் இச்சொல் ஐந்து குறிகளால் ஆனது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. இகரக் குறியும் புள்ளியும் எழுத்து என்ற வகையில் சேராமல் துணைக்குறி என்ற வகையில் வைக்கப்பட்டிருக்கின்றன. துணைக்குறியைக் கண்டதும் சொல் முடிந்துவிட்டதாக நிரல் எடுத்துக்கொள்கிறது. சொற்களை எண்ணப் பலரும் பயன்படுத்தும் சைக்கிட்-லேர்ன் தொகுப்பின் இயல்பான அமைப்பில் ஓரெழுத்துத் துண்டுகளும் உதிர்ந்துவிடும். மிஞ்சுவது 'தம' மட்டும். இதை அறியாத மாணவர் ஒரு நாவலை உள்ளிட்டு, சொல்மேகம் வரைந்து, வண்ணம் தீட்டி, திரையில் காட்டிவிட முடியும். படம் அழகாகவே இருக்கும்.

கல்லூரிகளின் தமிழ், வரலாறு, நாட்டார் வழக்காற்றியல் பாடத்திட்டங்களுக்குள் இப்படிப்பட்ட கருவிகள் வந்துவிட்டன. தமிழ் இளங்கலை, முதுகலைப் படிப்புகளில் 'கணினித்தமிழ்' என்ற தாள் பல ஆண்டுகளாக இருக்கிறது. தமிழக அரசு 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்துக்குப் பிறகு திறன் பயிற்சி என்ற பெயரில் கலைக்கல்லூரி மாணவருக்கும் கணினிப் பயிற்சிகள் வந்தன. இவற்றால் பயன் உண்டா இல்லையா என்ற கேள்விக்குப் பொதுவாக இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. காலத்துக்கேற்ப மாறத்தான் வேண்டும் என்பது ஒன்று. இலக்கியம் படிக்க எந்திரம் எதற்கு என்பது மற்றொன்று. இரண்டு தரப்பாருமே கருவியைத் திறந்து பார்க்காமல் பேசுகிறார்கள். நான் கைக்கொள்ளும் அளவுகோல் வேறு. ஒரு கருவியைக் கற்ற மாணவர், கல்லாதவரைவிடப் பனுவலை நெருங்கி வாசிக்கிறாரா? கருவி எதை விட்டுவிட்டது என்று அவரால் சொல்ல முடிகிறதா? இவற்றுக்கு ஆம் என்றால் அந்தக் கருவிக்குப் பாடத்திட்டத்தில் இடம் உண்டு.

முதலில் தேடல் கருவிகள். சொல்லைத் தேடி எடுப்பது தமிழாய்வுக்குப் புதிதன்று. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்ததிலிருந்தே, பழைய நூலைப் பதிப்பிப்பவர் அரும்பத அகராதியும் பாடவேறுபாடும் சேர்த்துத் தருவது பதிப்பின் இலக்கணம் போல ஆகிவிட்டது. வ.அய்.சுப்பிரமணியம் புறநானூற்றுக்கான சொல்லடைவை 1962இல் கொண்டுவந்தார். ந.சுப்பிரமணியன் தொகுத்த பல்லவர் காலத்துக்கு முற்பட்ட தமிழ் நூல்களின் அடைவு 1966இல் வந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியச் சொற்களுக்குத் தனி அடைவே வெளியிட்டது. அட்டைகளில் எழுதி, அகரவரிசைப்படுத்தி, ஆண்டுக்கணக்கில் உழைத்துச் செய்த வேலை அது. அந்த அடைவுகள் பெரிய பல்கலைக்கழக நூலகங்களில் மட்டும் இருந்தன. சிற்றூர்க் கல்லூரி மாணவருக்கு அவை எட்டாதவை.

தமிழ் நூல்களை மின்னூலாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் காக்க 2005இல் எழுந்த 'நூலகம்' என்னும் இணையத் திட்டம் ஆகியவை இந்த நிலையை மாற்றின. கல்லூரி நூலகத்தில் ஒரு சங்க நூலின் ஒரே பிரதிகூட இல்லாத இடத்தில் படிக்கும் மாணவி இன்று தன் கைபேசியில் எட்டுத்தொகை முழுவதையும் வைத்திருக்கிறாள். தமிழ்க் கல்வியின் சமநீதிக்கு அண்மைக் காலத்தில் இதைவிடப் பெரிய காரியம் நடக்கவில்லை என்றே கருதுகிறேன். டிஜிட்டல் கருவிகளை எதிர்ப்பவர்கள் இந்தக் கணக்கைத் தவிர்த்துவிட்டுப் பேசக் கூடாது.

தேடுபெட்டியில் சொல்லைத் தட்டியதும் என்ன நடக்கிறது என்பதைத்தான் வகுப்புகள் சொல்லித் தருவதில்லை. சங்க இலக்கியத்தில் யானை என்ற தலைப்பில் ஒரு திட்டக் கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். 'யானை' என்று தேடினால் களிறு வராது, பிடி வராது, வேழம், கைம்மா எதுவும் வராது. பிடி என்று தேடினால் பெண்யானையோடு கைப்பிடியும் பிடித்தலும் சேர்ந்து வரும். நெய்தல் என்று தேடினால் பூவும் திணையும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். 'அகம்' என்று தட்டினால் 'அகத்து' கிடைக்காது. புணர்ச்சி பிரிக்காத பாடமாக இருந்தால், வருமொழியின் முதலெழுத்து மாறிப்போய்ச் சொல்லே கண்ணுக்குத் தப்பிவிடும். ஒரே தொகுப்பில் ஒரு நூல் சீர்பிரித்தும் இன்னொன்று சந்தி பிரித்தும் இருந்தால், அவற்றின் எண்ணிக்கைகளை ஒப்பிடவே முடியாது.

எண்ணிக்கை சரியாகவே கிடைத்தாலும் அதற்குப் பொருள் தானாக வந்துவிடாது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடி கொண்டது. அதில் தலைவியும் தோழியும் பறித்துக் குவிக்கும் பூக்கள் 99 என்று எண்ணிச் சொல்வது வழக்கம். அத்தனையும் ஒரே இடத்தில் அடுக்கப்பட்டவை. சங்க இலக்கியத்தில் பூக்கள் என்று எண்ணி வரைபடம் போட்டால் இந்த ஒரு பட்டியல் விண்ணை முட்டும் கம்பமாக எழும்பி நிற்கும். அந்தக் கம்பம் எதைக் காட்டுகிறது? குறிஞ்சி நிலத்தில் பூ மிகுதி என்பதையா, ஒரு புலவர் பட்டியலையே கவிதையின் உத்தியாக்கினார் என்பதையா? பாட்டைப் படித்தவருக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும். படிக்காதவர் கம்பத்தின் உயரத்தைச் சொல்லி அமர்ந்துவிடுவார். இலக்கிய ஆய்வாளர் ஃபிராங்கோ மொரெட்டி, நூல்களை ஒவ்வொன்றாகப் படிக்காமல் மொத்தமாக எண்ணி ஆராயும் தொலைவாசிப்பு என்ற கருத்தை 2000ஆம் ஆண்டில் முன்வைத்தபோது, ஒருவர் ஆயுளில் படித்து முடிக்க முடியாத ஆயிரக்கணக்கான நாவல்கள் அவர்முன் இருந்தன. குறுந்தொகையில் இருப்பவை கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டு. பெரும்பாலும் எட்டு அடிக்கு மேற்படாதவை. அவற்றைப் படிக்காமல் எண்ணுவதற்கு நியாயம் சொல்ல முடியாது. படித்துவிட்டு எண்ணுவதற்கு நியாயம் உண்டு. நூற்றாண்டுக் கால இதழ்களையோ ஒரு கால்நூற்றாண்டின் சிறுகதைகளையோ எடுத்துக்கொண்டால் மட்டுமே தொலைவாசிப்பு தனியே நிற்கும். ஆனால் அவற்றில் பெரும்பகுதி தமிழில் இன்னும் தேடக்கூடிய எழுத்தாகவே மாறவில்லை, படமாகத்தான் கிடக்கிறது.

பாடத்திட்டங்கள் பேசாமல் விடும் இடமும் இதுதான். படத்தை எழுத்தாக்கும் எழுத்துணரி மென்பொருள்கள் இன்று தமிழை நன்றாகவே படிக்கின்றன. புதிய அச்சு என்றால் பக்கத்துக்குச் சில பிழைகளே வரும். பழைய அச்சு வேறு உலகம். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் னை, லை, ணை, றா, னா முதலியன பழைய வடிவில் இருக்கும். அவற்றைக் கண்டு எழுத்துணரி தடுமாறுவதுண்டு. ஆக, 'யானை' என்று தேடிய மாணவருக்குப் பழம்பதிப்பின் யானைகள் களிறு, வேழம் என்ற பெயர்களில் தப்புவதோடு, எழுத்து வடிவத்தாலும் தப்பிவிடும். ரகரமும் துணைக்காலும் ஒன்றாகத் தெரியும் அச்சுகளில் இரண்டும் இடம்மாறும். னகரமும் ணகரமும் மயங்கினால் 'தினை' என்பது 'திணை' ஆகிவிடும். குறிஞ்சி நிலத்தின் பயிர் பொருளிலக்கணத்தின் கலைச்சொல்லாக மாறி நிற்கும். இரண்டுமே அகப்பாடல் ஆய்வில் புழங்கும் சொற்கள் என்பதால் பிழை என்ற ஐயமே எழாது. தமிழ் எண் ஒன்றும் ககரமும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணினிக்கு இரண்டும் வேறு வேறு குறி. எண் இரண்டும் உகரமும் அப்படியே. இன்னொன்று நாம் தட்டச்சில் செய்யும் பிழை: ஔவையார் பெயரின் முதலெழுத்தை ஔகாரமாகத் தட்டாமல் ஒகரமும் ளகரமும் சேர்த்துத் தட்டியவர்கள் ஏராளம். திரையில் வேறுபாடு தெரியாது. தேடினால் பாதி ஔவையார் கிடைக்க மாட்டார்.

ஏட்டுச் சுவடியிலிருந்து நூல் பதிப்பித்தவர்கள் எதிர்கொண்ட சிக்கல்களின் மறுபிறப்புத்தான் இவை. சுவடியில் புள்ளி இல்லை; ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடு இல்லை; எகர ஏகாரம் ஒன்றுபோல இருக்கும். பொருளும் யாப்பும் அறிந்து, மேற்கோளாக வேறு உரைகளில் வந்த இடங்களோடு ஒப்பிட்டு, எந்த எழுத்து என்று முடிவு செய்தார்கள். முடிவு செய்ய முடியாதபோது இரண்டையும் அடிக்குறிப்பில் வைத்தார்கள். எழுத்துணரி கக்கிய பக்கத்தைத் திருத்தும் மாணவருக்கு இந்தப் பயிற்சி அப்படியே தேவை. எதுகை மோனை தெரிந்தால் எந்த எழுத்து பிழை என்று காது சொல்லும். திணை தெரிந்தால் தினையா திணையா என்று கருத்துச் சொல்லும். டிஜிட்டல் ஆய்வுக் கருவிகளைக் கற்பிக்கத் தமிழ்த்துறைக்கு இருக்கும் தனித்த உரிமை இங்கேதான் வேர்கொள்கிறது. கணினித்துறை ஆசிரியர் நிரலைச் சொல்லித் தரலாம். இதைச் சொல்லித் தர முடியாது.

இனி முன்வைப்புக் கருவிகள். சிலப்பதிகாரப் பயணத்தை வரைபடக் கதையாக்குவது வகுப்புகளுக்கு இயல்பாகப் பொருந்தும் ஒரு பயிற்சி. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நைட் லேப் இலவசமாகத் தரும் ஸ்டோரிமேப் கருவியில் இடங்களைக் குறித்துப் படமும் குறிப்பும் சேர்த்தால் போதும். புகார், உறையூர், மதுரை, வஞ்சி என்று புள்ளிகள் விழும். அவற்றுக்கிடையே கோடு ஓடும். அந்தக் கோடு காடுகாண் காதையை விழுங்கிவிடுகிறது. கொடும்பைக் குளத்தருகே வழி மூன்றாகப் பிரிவதையும், மாங்காட்டு மறையோன் ஒவ்வொரு வழிக்கும் சொல்லும் செய்தியையும், நடுவழியில் வனதெய்வம் வசந்தமாலை வடிவில் வந்து கோவலனை மயக்கப் பார்ப்பதையும் நேர்கோடு எப்படிச் சொல்லும்? காப்பியத்தில் வழி என்பது தேர்வு. வரைபடத்தில் அது வெறும் தூரம்.

ஆனால் இதே கருவி ஓரிடத்தில் மாணவரைத் தடுத்து நிறுத்துகிறது. வஞ்சியைக் குறிக்க வேண்டும். எங்கே? கரூரிலா, கொடுங்கல்லூரிலா? புகளூர்க் கல்வெட்டில் வரும் சேரர் பெயர்களைச் சான்றாக்கிக் கரூர் என்பவர்கள் ஒருபுறம். மேற்குக் கடற்கரையே சேரர் தலைநகருக்கு உரியது என்பவர்கள் மறுபுறம். எழுத்தில் 'வஞ்சி' என்று எழுதிவிட்டுக் கடந்து போகலாம். வரைபடம் அதற்கு விடாது. அது அட்சக்கோடும் தீர்க்கக்கோடும் கேட்கும். கேட்கும்போதுதான் இங்கே நூறாண்டு வாதம் ஒன்று இருக்கிறது என்பது மாணவருக்குத் தெரியவரும். இரண்டு இடத்திலும் புள்ளி வைத்து, இரண்டுக்கும் சான்று எழுதி, தான் எதை ஏற்கிறார் என்று சொல்லும் மாணவர் அந்தக் கருவியால் உண்மையாகவே பயன்பெற்றவர். கூகுள் காட்டிய முதல் இடத்தில் புள்ளி வைத்தவருக்கு அதே வசதி தீங்காகிவிட்டது. இரண்டு வரைபடங்களும் திரையில் ஒரேமாதிரி மினுங்கும். மதிப்பெண் போடும் ஆசிரியர் மினுக்கத்துக்குப் போடுகிறாரா, சான்றுக்குப் போடுகிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பவர்பாயின்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு வாதத்தைத் தலைப்புத் தலைப்பாக உடைத்தால் 'ஆகவே', 'ஆனால்', 'எனினும்' என்ற இணைப்புகள் உதிர்ந்துபோகும். தரவுக் காட்சி வல்லுநர் எட்வர்ட் டஃப்டே 2003இல் எழுதிய கடுமையான விமர்சனத்தின் சாரம் இது. கலைப்புலத் துறைகளில் வாதமே சரக்கு என்பதால் இழப்பு அதிகம். 'சங்ககால மகளிர் நிலை: கல்வி, வீரம், கற்பு' என்று மூன்று புள்ளி போட்ட படவில்லையை வாசித்துவிட்டு இறங்குவது கருத்தரங்கு ஆகாது. அதே படவில்லையில் ஒரு குறுந்தொகைப் பாட்டு முழுதாக அடங்கும். பாட்டை நடுவில் வைத்து, முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் ஒவ்வொன்றையும் வேறு வண்ணத்தில் காட்டி, ஓர் அடியில் இரு பாடம் இருந்தால் இரண்டையும் மேலும் கீழுமாக வைத்து, எதை ஏற்றால் கூற்று எப்படி மாறுகிறது என்று கூட்டம் முழுவதும் பார்க்கச் செய்யலாம். கரும்பலகையால் இதை இவ்வளவு தெளிவாகச் செய்ய முடியாது. பவர்பாயின்டைக் கற்பிப்பதென்றால் இந்த ஒன்றைக் கற்பித்தால் போதும். எழுத்து பறந்துவருவதற்கும் பின்னணி மாற்றுவதற்கும் ஒரு வகுப்புகூடச் செலவிட வேண்டியதில்லை. மாணவர்கள் அதை நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

மேற்கோள் மேலாண்மைக் கருவியான ஜோட்டெரோ, மேலே சொன்ன எல்லாவற்றையும்விடக் கவர்ச்சி குறைந்தது. அதனாலேயே பாடத்திட்டங்களில் அதற்கு இடம் கிடைப்பதில்லை. ஆனால் எனக்கு அதன்மேல்தான் மதிப்பு அதிகம். அது கட்டம் கட்டமாகக் கேள்வி கேட்கிறது: ஆசிரியர் யார், பதிப்பாசிரியர் யார், எத்தனையாவது பதிப்பு, எந்த ஆண்டு? தமிழ் நூலோடு அது முட்டும் இடங்களே நல்ல பாடம். பெயரை முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டத்தில் கேட்கும். நம் முன்னெழுத்து வழக்கம் அதற்குப் பொருந்தாது. ஒரே கட்டமாக மாற்றிக்கொள்ளத் தெரிய வேண்டும். பழைய நூலின் முகப்பில் 'ஜய வருஷம்' என்று மட்டும் இருந்தால் அது 1894ஆகவும் இருக்கலாம், 1954ஆகவும் இருக்கலாம். அச்சகத்தின் பெயர், முகவுரையின் தேதி, எழுத்து வடிவம் என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஒரு மாணவர் இப்படி ஐம்பது நூல்களைப் பதிவு செய்தால் தமிழ் அச்சு வரலாற்றில் பாதியைக் கற்றுக்கொண்டுவிடுவார். நாட்டுப்பாடலைக் கைபேசியில் பதிவு செய்துவரும் மாணவருக்கும் இதே ஒழுங்கு வேண்டும்: யார் பாடியது, எந்த ஊர், எந்தச் சூழலில், பாடியவர் வெளியிட ஒப்பினாரா? இந்த விவரம் இல்லாத ஒலிப்பதிவு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சான்றாகாது.

ஆய்வேடுகள் கதை தனி. பல்கலைக்கழக மானியக்குழுவின் 2018 விதிகள் ஆய்வேட்டின் ஒப்புமை பத்து விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. அதைச் சோதிப்பது மென்பொருள். ஆனால் சோத்கங்கா என்னும் இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏற்றப்பட்ட தமிழ் ஆய்வேடுகளில் பல வெறும் படம். பல ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டப்பட்டவை. அவ்வெழுத்துருவில் உள்ள கோப்பு மனிதக் கண்ணுக்குத் தமிழ். கணினிக்கு ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற குவியல். குவியலோடு ஒருங்குறித் தமிழை ஒப்பிட்டால் எதுவும் பொருந்தாது. திருட்டே இல்லை என்ற சான்றிதழ் கிடைத்துவிடும். எழுத்துருவையும் குறியேற்றத்தையும் மாணவரும் நெறியாளரும் கற்காதவரை இந்தச் சோதனை காகிதச் சடங்குதான்.

2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின் கருவி என்றாலே செயற்கை நுண்ணறிவுதான் என்றாகிவிட்டது. இல்லாத பாட்டுக்கு எண் தருவதும், எழுதாத நூலுக்கு ஆசிரியர் பெயர் சொல்வதும் அதன் இயல்பில் உண்டு. மூலத்தைச் சரிபார்க்கத் தெரிந்தவருக்கு அது வரைவுக்கு உதவும், தெரியாதவரை ஏமாற்றும். ஆகவே மேலே சொன்ன பயிற்சிகள் இப்போது இன்னும் கட்டாயமாகின்றன.

எதிர்வாதம் ஒன்றுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். தமிழிலக்கியம் படிக்க வருபவர்களில் பலர் தம் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். அவர்களுக்கு வேலை வேண்டும். வேலைக்கு எல்லோருக்கும் பொதுவான கணினித் திறன் வேண்டும். பதிப்பு நுணுக்கம் சோறு போடுமா என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை அலட்சியப்படுத்த மாட்டேன். தமிழ்99 விசைப்பலகையில் பிழையின்றி வேகமாகத் தட்டுவதும் கோப்பை ஒழுங்காக வைப்பதும் எல்லோருக்கும் வேண்டியவை. அவற்றை முதல் பருவத்திலேயே முடிக்கலாம். அதற்கு மேல், படவில்லையும் சொல்மேகமும் செய்யத் தெரிந்தவர்கள் எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள். எழுத்துணரியின் வெளியீட்டை நம்பகமான தமிழ்ப் பனுவலாக்கத் தெரிந்தவர், பழைய எழுத்துருக் கோப்பை ஒருங்குறிக்கு மாற்றிப் பிழை களையத் தெரிந்தவர், ஓர் ஆவணத்துக்கு முறையான விவரக்குறிப்பு எழுதத் தெரிந்தவர் ஆகியோர்தான் அரிது. பதிப்பகம், ஆவணக்காப்பகம், மொழித் தொழில்நுட்பம் மூன்றுக்கும் தேவைப்படுபவர்கள் அவர்கள்.

எனவே என் தீர்ப்பு இது. டிஜிட்டல் கருவிகளுக்குக் கலைப்புலப் பாடங்களில் இடம் உண்டு, தனித்தாளாக அன்று. 'கணினித்தமிழ்' தாளில் கணினியின் தலைமுறைகளை மனப்பாடம் செய்யும் அலகுகள் போகட்டும். சங்க இலக்கியத் தாளுக்குள் தேடலும், காப்பியத் தாளுக்குள் வரைபடமும், இதழியல் தாளுக்குள் எழுத்துணரியும், ஆராய்ச்சி நெறிமுறைத் தாளுக்குள் ஜோட்டெரோவும் வரட்டும். வரிசையும் மாற வேண்டும். இன்று காட்டுவதில் தொடங்கி, நேரம் இருந்தால் தேடுவதைத் தொட்டு, திருத்துவதை விட்டுவிடுகிறோம். திருத்துவது முதலில், தேடுவது அடுத்து, எண்ணுவது அதற்குப் பின், காட்டுவது கடைசி என்று ஆக வேண்டும். கருவிப் பயிற்சியை முழுக்க வெளியாரிடமோ கணினித்துறையிடமோ ஒப்படைப்பதை ஏற்க முடியாது. பனுவல் அறிந்த ஆசிரியரும் நிரல் அறிந்த ஆசிரியரும் ஒரே வகுப்பில் நிற்க வேண்டும்.

மதிப்பீடு மாறாமல் இதில் எதுவும் நடக்காது. அகமதிப்பீட்டுக்கு இருபத்தைந்து மதிப்பெண் என்றால், அதில் இருபது ஒரு திருத்தப் பணிக்குப் போகட்டும். நாட்டுடைமையாக்கப்பட்ட ஒரு பழைய நூலிலிருந்து பத்துப் பாட்டோ பத்துப் பக்கமோ எழுத்துணரியில் இட்டு, அச்சோடு ஒப்பிட்டுத் திருத்தி, ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணத்தைப் பதிவேட்டில் எழுதி, அந்தப் பனுவலில் ஒரு சொல்லைத் தேடி, எது கிடைக்காமல் போயிருக்கும் என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். திரையில் காட்டுவதற்கு மிச்சம் ஐந்து மதிப்பெண் போதும். அந்தப் பத்துப் பக்கமும் துறையின் தொகுப்பில் சேரும். அடுத்த ஆண்டு மாணவர்கள் அதில்தான் தேடுவார்கள். பிழை கண்டால், யார் திருத்தினார், எந்தப் பதிப்பை வைத்துத் திருத்தினார் என்ற பதிவேட்டைப் பார்த்து மறுபடி திருத்துவார்கள்.